லுணுகலை மலைநீரும் சேனநாயக்க சமுத்திரத்து மீனும்

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 108 கிலோமீட்டர் தூரம் கிழக்கு நோக்கி ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலில் கலக்கும் கல் ஓயாவைக் கிழக்குக் கரைத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்குவர். இந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் எழுப்பப்பட்ட அணைக்குப் பின்னால் தேங்கி நிற்பதே சேனநாயக்க சமுத்திரம். நிறைந்த நிலையில் ஏறத்தாழ 95 கோடி கன மீட்டர் நீரைக் கொள்ளும் இது இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகும். லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்பவருக்கு இந்தப் பெருநீர் வெகு தூரத்தில் இல்லை. பிபிலைக்கு இறங்கி, நில்கலைக் காடுகளின் பக்கமாகக் கிழக்கே போனால் அதன் மேற்குக் கரையின் எல்லை வந்துவிடும். எனினும் ஓடைகளிலும் சிற்றாறுகளிலும் தூண்டில் போட்டுப் பழகிய மலைநாட்டவர் ஒருவர் அந்தக் கரையில் முதன்முதலாக நிற்கும்போது, எந்தப் பக்கம் திரும்புவது, எவ்வளவு ஆழத்தில் தூண்டிலை இறக்குவது என்பதே விளங்காமல் திகைப்பது இயல்பு. ஓடையில் மீன் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். கல்லுக்குப் பின்னாலோ மடுவிலோ வேருக்கு அடியிலோ அது இருந்தாக வேண்டும். பெருநீரோ எங்கும் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

அப்படித் தோன்றினாலும் அது எங்கும் ஒன்றாக இல்லை என்பதும், நீர்த்தேக்கம் என்பது மூழ்கிய ஆறே என்பதும், ஆகவே ஓடையை அறிந்தவர் அந்த அறிவில் பாதியை ஏற்கெனவே கையில் கொண்டுதான் இங்கே வருகிறார் என்பதும் இங்கு விளக்க எடுத்துக்கொண்ட கருத்துகள். இவற்றை விளக்குவதற்கு முதலில் வெகு தொலைவிலுள்ள ஒரு மீனின் கதை உதவும்.

வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையோரம் வாழும் ஸ்ட்ரைப்ட் பாஸ், வெள்ளி உடலில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் ஒரு பெரிய வேட்டை மீன். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக வசந்த காலத்தில் ஆறுகளில் ஏறிவரும் இயல்பு அதற்கு உண்டு. தென் கரோலைனா மாநிலத்தில் சாண்டீ, கூப்பர் ஆறுகளை மறித்து 1940களின் தொடக்கத்தில் மேரியன், மோல்ட்ரி ஆகிய இரண்டு ஏரிகள் உருவாக்கப்பட்டபோது, ஏறிவந்த மீன்களில் ஒரு பகுதி அணைக்கு மேலே அகப்பட்டுக்கொண்டது. கடலுக்குத் திரும்ப வழியற்ற அவை அழிந்துபோகும் என்று எதிர்பார்க்கப்பட்ட நிலையில், அவை ஏரியிலேயே வளர்ந்ததோடு குஞ்சும் பொரித்துப் பெருகின. நன்னீரிலேயே வாழ்நாளை முழுதும் கழிக்க இந்த மீனால் இயலும் என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. அமெரிக்காவின் பற்பல நீர்த்தேக்கங்களில் இந்த மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடும் வழக்கம் அங்கிருந்தே வேர்கொண்டது.

இந்த நிகழ்வில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது மீனின் தாங்குதிறனைவிட ஆற்றின் பங்கே. ஸ்ட்ரைப்ட் பாஸின் முட்டைகள் நீரில் முழுவதும் மிதப்பவையும் அல்ல, மூழ்குபவையும் அல்ல. ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஓடும் நீரின் சுழற்சியில் அலைந்துகொண்டே இருந்தால்தான் பொரிக்கும். ஓட்டம் நின்று அடித்தட்டில் படிந்தால் சேற்றில் மூச்சடைத்து அழியும். மேரியன் ஏரிக்கு மேலே கொங்கரீ, வாட்டரீ என்னும் ஆறுகள் தடையின்றி நெடுந்தொலைவு ஓடிவந்ததால்தான் அங்கே இனப்பெருக்கம் நிகழ்ந்தது. மேலே அத்தகைய நீண்ட ஓட்டம் இல்லாத ஏரிகளில் மீன் கொழுத்து வளர்ந்தாலும் சந்ததி தோன்றுவதில்லை. அங்கெல்லாம் பொரிப்பகத்துக் குஞ்சுகளையே தொடர்ந்து விட வேண்டியிருக்கிறது. மனிதர் ஏரி என்று அழைக்கும் நீரை, மீன் தன் வாழ்வின் முக்கியமான கட்டத்தில் ஆறாகவே பயன்படுத்துகிறது.

அமெரிக்கத் தூண்டில்காரர் புதிய ஏரிக்குப் போகும்போது செய்வதும் இதையொட்டியதே. மூழ்கிய பழைய ஆற்றுப் பள்ளம் எங்கே வளைகிறது, துணையாறு எங்கே வந்து சேர்ந்தது, பழைய பாதையும் பாலமும் எங்கே அமிழ்ந்துள்ளன என்பவற்றை வரைபடத்திலும், ஒலியலையை அனுப்பி அதன் எதிரொலியால் ஆழத்தைக் காட்டும் கருவியிலும் அவர்கள் முதலில் தேடுகிறார்கள். ஸ்ட்ரைப்ட் பாஸ் கூட்டமாக அலைந்து, ஷாட் என்னும் சிறு மீன் திரளைக் கீழிருந்து மேலே துரத்தும்போது, நீர்ப்பறவைகள் அந்த இடத்துக்கு மேலே வட்டமிட்டுப் பாய்வதால், பறவையைப் பார்த்துப் படகைச் செலுத்துவதும் அவர்களுடைய வழக்கம். கோடையில் வளர்ந்த மீன்கள் 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரைத் தவிர்த்து ஆழத்துக்கு இறங்க முயல, ஆழத்திலோ ஒட்சிசன் குறைந்துவிடுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மெல்லிய நீரடுக்கில் அவை நெருக்குண்டு நிற்கும். அந்த அடுக்கின் ஆழத்தை அறிந்தவருக்கே கோடையில் மீன் கிடைக்கும்.

இங்கினியாகலை அணையைக் கட்டிய அமெரிக்க நிறுவனமான மொரிசன் நட்சன், அதற்கு முன்னர் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு நிறுவனங்களின் கூட்டமைப்பிலும் இடம்பெற்றிருந்தது. ஹூவர் அணைக்குப் பின்னாலுள்ள மீட் ஏரியில் 1960களின் இறுதியில் ஸ்ட்ரைப்ட் பாஸ் விடப்பட்டது. இன்று அந்த ஏரி இந்த மீனுக்குப் பேர்போனது. சேனநாயக்க சமுத்திரத்தின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதியும் 25 பாகைக்கு மேலேயே இருப்பதால், குளிர்நீர் நாடும் அந்த மீனுக்கு அது உகந்த இடமன்று. ஆனால் இடையில் அணை வந்த பின்னர் எந்த மீன் வாழும், எந்த மீன் அற்றுப்போகும் என்ற கேள்வி இரண்டு ஏரிகளுக்கும் பொதுவானது.

அந்தக் கேள்விக்கு இலங்கையில் கிடைக்கும் விடை, ஸ்ட்ரைப்ட் பாஸின் கதையை அப்படியே திருப்பிப் போட்டது போன்றது. கிழக்குக் கரையின் களப்புகளிலும் ஆற்றுமுகங்களிலும் வாழும் கொடுவா, உருவிலும் வேட்டைக் குணத்திலும் ஸ்ட்ரைப்ட் பாஸை ஒத்தது. தூண்டிலில் அகப்பட்டால் நீரை விட்டு எழும்பித் துள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. ஆனால் அதன் பயணம் நேர்மாறானது. கொடுவா நன்னீரில் வளர இயலுமாயினும், முட்டையிடுவதற்கு ஆற்றுமுகத்தின் உப்பு நீரையே நாட வேண்டும். குஞ்சுகள் அங்கே பிறந்த பின்னரே மேல்நோக்கி ஏறிவரும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும் இந்த மீனின் வாழ்க்கை முழுதும் கடலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட வழி திறந்திருப்பதையே நம்பியிருக்கிறது. ஆகவே அணைக்கு மேலே கொடுவாவைக் கொண்டுவந்து விட்டாலும் அது வளரும், ஆனால் பெருகாது.

விலாங்கின் நிலையும் இதுவே. மலையோடைகளில் கல்லிடுக்கில் அகப்படும் விலாங்கை உள்ளூர் மீனாகவே தோட்டத்து மக்கள் கருதினாலும், அது பிறந்தது ஆழ்கடலில். ஊசி போன்ற மெல்லிய குஞ்சாக ஆற்றுமுகத்தை அடைந்து, ஈரமான பாறைகளில் ஊர்ந்தும் அருவிகளின் ஓரத்தில் ஒட்டியும் மேலேறி, பல ஆண்டுகள் ஓடையில் வாழ்ந்து, இறுதியில் முட்டையிடக் கடலுக்கே திரும்பும். அதன் இருவழிப் பயணத்துக்கும் உயர்ந்த அணை பெருந்தடை. நீர்த்தேக்கம் நெல்லுக்கு நீரும் நாட்டுக்கு மின்சாரமும் தந்தது என்பதைச் சொல்பவர்கள், இந்த வழியை அது அடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இலங்கையில் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. இன்று நிலப்படத்தில் நீலமாகத் தெரியும் உள்நாட்டுப் பெருநீர்கள் அனைத்தும் பண்டைய அரசர் காலத்துக் குளங்களோ, 20ஆம் நூற்றாண்டில் எழுந்த நீர்த்தேக்கங்களோதான். இதனால் நாட்டின் நன்னீர் மீன்கள் பெரும்பாலும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் ஏற்பப் பரிணமித்தவை. கரையிலிருந்து விலகிய திறந்த நீர்ப்பரப்பில் மேய்ந்து வாழும் ஏரி மீன்கள் இங்கே இருக்கவில்லை என்பதை, இலங்கையின் நன்னீர் உயிரியலை விரிவாக ஆராய்ந்த சி. எச். பெர்னாண்டோ தம் ஆய்வுகளில் வலியுறுத்தினார். 1952இல் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா கொண்டுவரப்பட்டபோது, அது எந்த மீனையும் விரட்டாமலேயே நுழையக்கூடிய ஒரு வெற்றிடம் நீர்த்தேக்கங்களில் காத்திருந்தது. நீரில் மிதக்கும் பாசியையும் அடியில் படியும் மக்கலையும் உண்டு, ஆண் மீன் மணலில் வட்டக் குழி பறித்துக் கூடமைக்க, பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும் திலாப்பியாவுக்கு ஆற்றோட்டம் தேவையில்லை. அணையால் வாழ்வு பெற்ற மீன் அதுவே. இன்று இலங்கையின் நன்னீர் மீன்பிடியில் பெரும்பங்கு அதனுடையது. தோட்டக் கடைகளில் கருவாடாகத் தொங்கும் நன்னீர் மீனும் பெரும்பாலும் அதுதான்.

இனி நீரைப் படிக்கும் முறைக்கு வருவோமானால், முதலில் படிக்க வேண்டியது நாள்காட்டி. ஊவாவின் கிழக்குச் சரிவுகளுக்கும் அவற்றின் அடியிலுள்ள சமவெளிக்கும் பெருமழை தருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலம். முதலில் பருவ இடைக்கால இடிமழையும், பின்னர் வாடைக் காற்றோடு வரும் வடகீழ்ப் பருவமழையும் ஆறுகளை நிரப்பும்போது நீர்த்தேக்கத்தின் மட்டம் உயர்கிறது. தென்மேல் பருவக் காலத்தில் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று வெப்பமும் வறட்சியும் கொண்டதாக மாறுகிறது. அதைக் கிழக்கில் கச்சான் என்பர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தக் காற்று வீசும்போது தேயிலைச் செடி தளிர்விடுவது குறைந்து, கொழுந்தில் தனிவாசனை ஏறுவதால்தான் ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் தனிப் பெயர் பெற்றிருக்கிறது. அதே மாதங்களில் கீழே சிறுபோக வயல்களுக்கு நீர் திறக்கப்படுவதாலும், மேலிருந்து வரவு அற்றுப்போவதாலும், வெப்பக் காற்றில் ஆவியாவதாலும் சேனநாயக்க சமுத்திரம் வேகமாகச் சுருங்குகிறது. கொழுந்து நிறுவையைக் கொண்டு பருவத்தை அறியும் ஒருவருக்கு, நீர்த்தேக்கம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மீனுக்கு வெறும் அளவு மாற்றம் அல்ல. நீர் வடிந்து வெளிப்படும் சேற்று வெளியில் சில வாரங்களுக்குள் புல் முளைக்கிறது; மேய வரும் யானையும் எருமையும் மாடும் இடும் சாணம் அதை வளமாக்குகிறது. பருவமழையில் நீர் மீண்டும் அந்தப் புல்வெளி மீது பரவும்போது, அழுகும் புல்லும் சாணமும் நுண்ணுயிர்களைப் பெருக்கி, மீன்குஞ்சுகளுக்கு உணவும் மறைவிடமும் ஒருங்கே தரும் வயலாகின்றன. ஆகவே நீர் ஏறும் காலத்தில் மீன் கரையை நோக்கி, மூழ்கிய புல்லுக்குள் வருகிறது. நீர் இறங்கும் காலத்தில் பள்ளங்களை நோக்கித் திரும்புகிறது. மட்டம் மிக விரைவாக இறங்கினால் திலாப்பியா பறித்த கூடுகள் வெயிலில் காய்ந்து வீணாவதும் உண்டு. நிறைந்த நீரில் நடு ஏரியையே பார்த்துக்கொண்டிருப்பவரும், வற்றிய நீரில் கரைப் புல்லில் தேடுபவரும் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

அடுத்தது நீரின் வடிவம். நிறைந்திருக்கும்போது 70 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவும் இந்தப் பரப்பு ஒரே வட்டமாகக் கிடப்பதில்லை; மூழ்கிய பள்ளத்தாக்குகள் தோறும் நீர் நுழைந்திருப்பதால், விரித்த கையின் விரல்களைப் போலப் பல கிளைகளாகக் காடுகளுக்குள் நீண்டிருக்கிறது. ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஓர் ஓடை வந்து விழுகிறது. மழை பெய்த மறுநாள்களில் அந்த நுனியில் கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டில், ஓடை அடித்துவரும் புழுவுக்கும் பூச்சிக்கும் மீன் காத்து நிற்கும். ஓடையில் மடுவின் தலைப்பில் மீனைத் தேடிப் பழகிய மலைநாட்டவரின் அறிவு சற்றும் மாறாமல் பயன்படுவது இந்த இடத்தில்தான். இங்கினியாகலைக்கு முதன்முறை வருபவர் அணைக்கட்டின் அருகேயுள்ள பேராழத்தை விட்டு, இத்தகைய கிளைகளின் வாயிலேயே தொடங்குவது நல்லது. அணையோரத்து ஆழம் காண்பதற்குக் கம்பீரமாக இருந்தாலும், காற்று ஓய்ந்த மாதங்களில் வெப்பமான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் கலவாமல் பிரிந்து நிற்பதால், அடியில் ஒட்சிசன் தீர்ந்து மீனுக்கு உதவாததாகிவிடக்கூடும். ஆழம் அதிகம் என்பதனால் மீனும் அதிகம் என்று எண்ணுவது, புதியவர்களைப் பெரிதும் அலைக்கழிக்கும் தவறான நம்பிக்கை.

காற்றின் வேலை இதற்கு மாறானது. கச்சான் பல மணி நேரம் ஒரே திசையில் வீசும்போது மேல்நீரையும் அதில் மிதக்கும் நுண்பாசியையும் கிழக்குக் கரைப் பக்கமாகத் தள்ளிச் சேர்க்கிறது. பாசியைத் தொடர்ந்து சிறுமீனும், சிறுமீனைத் தொடர்ந்து பெருமீனும் காற்றை எதிர்கொள்ளும் கரைக்கு வருவதைப் பல நாட்டு ஏரிகளில் தூண்டில்காரர் அறிந்து பயன்படுத்துகின்றனர். ஆயினும் அதே காற்றுதான் திறந்த பரப்பில் குறுகிய, செங்குத்தான அலைகளை எழுப்பிச் சிறு வள்ளங்களைக் கவிழ்க்கவல்லது. அதனால் காற்று எழும் முன்னரான விடியற்காலையே தூண்டிலுக்கும் உயிருக்கும் ஏற்ற நேரம்.

நீரில் மூழ்கி உயிரிழந்த மரங்கள் இன்னும் பல இடங்களில் எலும்பாக நிற்கின்றன. அவற்றின் மீது நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருப்பதைக் காண்பவர் அழகை மட்டும் கண்டு போகலாகாது. நீர்க்காகம் மீனுண்டு வாழும் பறவையாதலால், அது கூட்டமாக அமரும் மரத்தடியைச் சுற்றிச் சிறுமீன் இருக்க வாய்ப்புண்டு. கூழைக்கடாக்கள் அரைவட்டமாக அணிவகுத்து நீந்தினால் அவை மீனை ஆழமற்ற பக்கத்துக்கு ஒதுக்குகின்றன என்று பொருள். அமெரிக்க ஏரியில் கடற்காகம் காட்டும் வழியை இங்கே இவை காட்டுகின்றன. ஏரியின் நடுவிலுள்ள குருவித் தீவில் இவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அந்தக் காலத்தில் தீவை நெருங்காமல் விலகிப் போவது அவற்றுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

மீன் வகைக்கேற்ப முறையும் மாறும். திலாப்பியாவுக்கு மண்புழுவோ பிசைந்த ரொட்டி மாவோ போதும். மெல்லிய தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல், சிறு முள், சிறு தக்கை ஆகியவற்றோடு, மூழ்கிய புல்லின் ஓரத்தில் ஓராள் ஆழத்துக்குள் இறக்கினால் காலையிலும் மாலையிலும் கிடைக்கும். விரால் வேறு இயல்புடையது. மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடக்கூடிய அது, வேறு மீன் தாங்காத சேற்றுக் குட்டையிலும் தாமரை இலைகளுக்கு அடியிலும் பதுங்கியிருந்து தவளையையும் சிறுமீனையும் பாய்ந்து பிடிக்கும். உயிருள்ள சிறுமீனையோ தவளை வடிவப் போலி இரையையோ இலைகளின் இடைவெளியில் இழுத்துச் சென்றால் வெடித்தாற்போல் எழும். விராலின் குஞ்சுகள் செம்மஞ்சள் திரளாக நீரின் மேல் வந்து வந்து போவதும், அவற்றுக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்பதும் கண்ணுக்குப் புலப்படக்கூடியவை. அந்தத் திரளின் நடுவே தூண்டிலைப் போட்டால் காவல் மீன் சினந்து கடிக்கும் என்பது எல்லோரும் அறிந்த உத்தி. அறிந்திருந்தும் அதைச் செய்யாதிருப்பதே முறை, ஏனெனில் பெற்ற மீன் போன அன்றே அந்தத் திரள் முழுதும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அகன்ற வாயும் நீண்ட மீசையும் கொண்ட வாளை இரவில் அலையும் மீன். பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்புகளே அதன் தடம். ரோகு, கட்லா, மிரிகால் ஆகிய இந்தியக் கெண்டை வகைகள் நீர்த்தேக்கங்களில் பெரும்பாலும் விடப்பட்ட குஞ்சுகளிலிருந்து வளர்ந்தவை. மழைவெள்ளம் பாயும் ஆற்றில் முட்டையிடும் இயல்புடைய அவை, ஸ்ட்ரைப்ட் பாஸைப் போலவே, தேங்கிய நீரில் வளர்ந்தும் தேங்கிய நீரில் பெருகாதவை.

இந்த அறிவையெல்லாம் கருவியும் வரைபடமும் இல்லாமலேயே கையில் வைத்திருப்பவர்கள், இருவர் இருவராகச் சிறு வள்ளங்களில் மாலையில் செவுள்வலையை விரித்து விடியலில் எடுக்கும் நன்னீர் மீனவர்கள். செவுள்வலை என்பது நீரில் திரைபோல நிற்க, தலையை நுழைத்த மீன் செவுளில் சிக்கித் திரும்ப இயலாமல் மாட்டிக்கொள்ளும் வலை. குஞ்சுகள் தப்பிப்போவதற்காக 8.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கண்ணுடைய வலைகளை இலங்கையின் விதிகள் நீர்த்தேக்கங்களில் தடை செய்கின்றன. இந்த மீனவர்களின் தொழில் எளிதாக நடந்து வந்ததன்று. உயிர்க்கொலைக்கு அரசு துணைநிற்கலாகாது என்ற சமயக் கருத்தின் அழுத்தத்தால் 1990இல் நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவு முற்றாக நிறுத்தப்பட்டு, குஞ்சு பொரிப்பகங்கள் கைவிடப்பட்டன. 1994இல்தான் அந்தக் கொள்கை திருத்தப்பட்டது. நக்டா எனப் பரவலாக அறியப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட பின்னர், நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சும் நன்னீர் இறாலும் விடும் பணி மீண்டும் ஒழுங்கு பெற்றது. ஆதரவற்ற அந்த இடைக்காலத்தில் நீர்த்தேக்கங்களைக் கைவிடாமல் காத்தவர்கள் வலையை ஏந்திய இந்த எளிய மனிதர்களே. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் கொண்டுவரும் எவரும் முதலில் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுக்க வேண்டியது இவர்களிடம்தான்.

மலையகத்தவருக்கு இந்த நீர் அந்நியமாகிப் போனதற்கு இயற்கை மட்டும் காரணம் அன்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது. கல்லோயாத் திட்டம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டில், அதாவது 1948இல், நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்குக் குடியேற்றத் திட்டங்களில் நிலம் கிடைக்க வழியில்லை. தங்கள் தலைக்கு மேலே பெய்த மழை ஓடிப்போய்ச் சேர்ந்த நீரின் கரையில் ஒரு காணி கேட்கும் உரிமை கூட அவர்களுக்கு இருக்கவில்லை. 1956 ஜூனில் கல்லோயாப் பகுதியில் தமிழர் மீது நிகழ்ந்த வன்முறையும் அந்தப் பக்கம் போவதற்கான அச்சத்தைத் தலைமுறைகளுக்கு விட்டுச்சென்றது. தோட்டத்துக்குள்ளேயே தூண்டிலுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துரைமார் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ஐரோப்பிய ட்ரவுட் மீனை வளர்த்துத் தங்கள் பொழுதுபோக்கை அமைத்துக்கொண்டனர். லயத்துப் பிள்ளைகளோ ஞாயிற்றுக்கிழமைகளில் மண்புழு கோத்த தூண்டிலோடு பாறையில் ஒட்டிப் பாசி தின்னும் கல்லொட்டியையும் கெண்டைக் குஞ்சையும் தேடி ஓடையில் இறங்கினர். நீரை நுணுகிப் பார்க்கும் கண் அவர்களுக்கு அந்த ஓடையில் பயின்றது. அந்தக் கண் சேனநாயக்க சமுத்திரத்துக்கும் உரியது.

சட்டத்தையும் ஆபத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்த நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால், பூங்காவுக்குள் நுழைவதும் மீன்பிடிப்பதும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிக்கு உட்பட்டவை. அனுமதியின்றித் தூண்டில் போடுவது குற்றம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்திக் கடப்பதற்கு இந்த நீர் புகழ்பெற்றது. தும்பிக்கை நுனியும் தலையின் மேற்பகுதியும் மட்டும் நீருக்கு மேலே தெரிய வரும் அவற்றின் வழியில் வள்ளத்தைக் குறுக்கே விடுவது பேராபத்து. சதுப்பு முதலைகள் கரையோர ஆழமற்ற நீரில் கிடப்பதால், இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசும் மலைநாட்டு வழக்கத்தை இங்கே முற்றாகக் கைவிட வேண்டும். பிடித்த மீனைக் கரையோரத்தில் கழுவுவதும் அவ்வாறே.

முதற்பயணத்துக்கு எந்தக் காலத்தைத் தேர்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத இடைவெளியில், நீர் நிறைந்தும் காற்று அடங்கியும் இருப்பதால் தூண்டிலுக்கு அதுவே இனிய காலம்; பிற்பகலில் இடிமழை திரளுமாகையால் நண்பகலுக்குள் கரை திரும்பிவிட வேண்டும். ஆனால் இந்த நீரைத் திரும்பத் திரும்ப நாடப் போகிறவர், அதற்கு முந்திய செப்டெம்பரில், மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது, தூண்டிலே இல்லாமல் ஒருமுறை அனுமதி பெற்ற படகில் போய்வருவது அதைவிடப் பயன் தரும். நிறைந்த காலத்தில் மறைந்துபோகும் பழைய ஓடைத் தடங்களும், பாறை மேடுகளும், மரக்கட்டைகள் நிற்கும் வரிசைகளும், புல் முளைத்த சரிவுகளும் அப்போது வெயிலில் கிடக்கும். அவற்றைக் கரையிலுள்ள ஒரு குன்றையோ தனிமரத்தையோ அடையாளமாக வைத்து ஒரு தாளில் வரைந்துகொண்டால், மறு பங்குனியில் அதே இடத்துக்கு மேலே பல மீட்டர் நீர் நிற்கும்போது எங்கே தூண்டிலை இறக்குவது என்பதை அந்தத் தாளே சொல்லும்.